இரண்டு தட்டு, பிறகு ஒன்று

வள்ளத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

காலை ஒன்பது நாற்பது. வியாழக்கிழமை. செங்கடல். நான் பிறிஜ்ஜுக்கு வெளியே, வலது பக்கத் தட்டில் நிற்கிறேன். பிறிஜ் என்றால் கப்பலை ஓட்டுகிற மேல் அறை. என் வேலை பார்ப்பது. எது தெரிந்தாலும் உடனே சொல்வது. கையில் தொலைநோக்கி. வெயில் தண்ணீரில் பட்டுக் கண் கூசுகிறது.

நீல நிற வள்ளம். பின்னால் எஞ்சின் பூட்டியது. எஞ்சினடியில் ஒருவர். நடுவில் ஒருவர். நடுவில் இருப்பவர் தலையில் துணி கட்டியிருக்கிறார். வள்ளம் எங்களை நோக்கி வருகிறது.

எனக்குப் பக்கத்தில் துவக்கோடு கப்பலின் காவல்காரன். சுடட்டுமா என்று கேட்கிறான். விரல் விசையில் இருக்கிறது.

"சுடாதே. மீன்பிடிக்காரர்."

அதைச் சொன்னது நான்.

நான் வாவிக்கரைக் கல்லடி ஊர் ஆள். அப்பா வாவியில் தோணி வைத்திருந்தவர். மீன்பிடிக்காரனை எனக்குத் தெரியாதா என்ற பெருமை. அதைவிட இன்னொன்றும் இருந்தது. எங்கள் யுத்த காலத்தில் என் பெரியப்பா வாவியில் இறால் வலை இழுத்துக்கொண்டிருந்தபோது ரோந்துப் படகில் இருந்து சூடு வந்தது. பெரியப்பா இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார். நின்றபடியே விழுந்தார். வள்ளத்தில் இருப்பவனைச் சுடு என்று என் வாயில் வராது. வரவில்லை.

ஒன்பது நாற்பத்திரண்டு. ஒன்றைக் கவனிக்கிறேன். இருவரும் அசையவில்லை. மீன்பிடிக்கிறவன் சும்மா இருக்கமாட்டான். தண்ணீர் இறைப்பான். கயிறு சுற்றுவான். அலை தூக்கினால் இடுப்பை வளைத்துக் கொடுப்பான். இவர்கள் வளையவில்லை.

பொம்மைகள். சட்டை போட்ட பொம்மைகள். எங்கிருந்தோ ஓட்டுகிற, ஆள் இல்லாத வள்ளம். உள்ளே முழுக்க வெடிமருந்து.

"சுடு! சுடு!" கத்துகிறேன்.

துவக்கு வெடிக்கிறது. பட், பட், பட். பிந்திவிட்டது. வள்ளம் கப்பலின் பின்பக்கத்தில், எஞ்சின் அறை இருக்கிற இடத்தில், தண்ணீர் மட்டத்தில் வந்து மோதியது. ஒன்பது நாற்பத்துநான்கு. முதலில் சத்தம் வரவில்லை. காலுக்குக் கீழே தட்டு எழும்பி முழங்காலை மடித்தது. பிறகுதான் சத்தம். அதற்குப் பிறகு எஞ்சின் நின்றது. ஏழு மாதமாக உறக்கத்திலும் கேட்ட எஞ்சின். அது நின்றபோதுதான் எனக்குப் பயம் வந்தது.

கப்பலின் பெயர் தோருன். நோர்வேக் கப்பல். அந்த நாட்டில் பெண்களுக்கு வைக்கிற பெயராம். நோர்வே என்றால் எங்கள் ஊரில் சமாதானம் பேச வந்தவர்கள் என்றுதான் தெரியும். அந்தச் சமாதானம் எங்கே போய் முடிந்தது என்பதும் தெரியும். அப்படியிருந்தும் அந்தக் கப்பலில் ஏறினேன். வேலை வேண்டும். கருங்கடலில் கோதுமை ஏற்றுவோம். செங்கடல் வழியாகக் கிழக்கு ஆபிரிக்காவில் இறக்குவோம். செங்கடலில் கப்பல்களுக்கு அடி விழத் தொடங்கிய பிறகு தனியாகப் போக விடமாட்டார்கள். நான்கு கப்பல் வரிசையாக. முன்னால் சாம்பல் நிறப் போர்க்கப்பல் ஒன்று. கொன்வோய்.

கொன்வோய் என்ற சொல் எங்களுக்குப் புதிது இல்லை. கல்முனை வீதியில் இராணுவக் கொன்வோய் போனால் சைக்கிளை விட்டு இறங்கி ஓரமாக நின்ற ஆட்கள் நாங்கள். இப்போது நானே கொன்வோயில் போகிறேன். மூன்று முறை போய் வந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. நான்காவது முறை இது.

சாப்பாட்டு அறைச் சுவரில் ஒரு பித்தளைத் தகடு இருந்தது. சனிக்கிழமைகளில் அதைத் துடைப்பது என் வேலை. பழைய தோருன் கப்பலின் நினைவுத் தகடு. உலக யுத்தத்தில் அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கொன்வோயில் கடந்த கப்பல். எண்ணெயும் மாவும் ஏற்றியது. ஒரு நாள் நீர்மூழ்கி அடித்து மூழ்கியது. தகட்டில் இறந்தவர்களின் பதினொரு பெயர். கப்பலின் மூன்றாவது அதிகாரி எரிக் எனக்கு அதை வாசித்துக் காட்டினான். இருபத்தேழு வயது. மெலிந்த பிள்ளை. கொன்வோயில் ஒரு சட்டம் இருந்தது என்றான். ஒரு கப்பல் அடிபட்டால் மற்றவை நிற்கக்கூடாது. நின்றால் அவற்றுக்கும் அடி. தண்ணீரில் விழுந்தவர்கள் கத்துவது கேட்கும். கேட்டுக்கொண்டே போகவேண்டும்.

அந்த வியாழக்கிழமையும் அதே சட்டம்தான். ஒன்பது ஐம்பதுக்கு மற்ற மூன்று கப்பலும் எங்களைத் தாண்டிப் போயின. போர்க்கப்பல் அவர்களோடு போகவேண்டும். திரும்பி வருவோம், படகில் இறங்குங்கள் என்று வானொலியில் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்லமாட்டேன். அவர்களின் பின்பக்கங்கள் சிறிதாகிக்கொண்டு போனதைப் பார்த்தேன். அதை மறக்கவும் மாட்டேன்.

பத்து ஐந்து. உயிர்காப்புப் படகு தண்ணீரில் இறங்குகிறது. கப்பல் பின்பக்கமாகத் தாழ்கிறது. படகை நூறு யார் தூரம் தள்ளி நிறுத்துகிறோம். கப்டன் ஆள் எண்ணுகிறார். நாங்கள் இருபத்திரண்டு பேர். படகில் பத்தொன்பது.

இல்லாத மூவரும் எஞ்சின் அறை ஆட்கள். மூன்றாவது எஞ்சினியர். எண்ணெய் போடும் பையன். பிற்றர் ஜவ்பர். பிற்றர் என்றால் எஞ்சின் பழுது பார்க்கிறவர்.

ஜவ்பர் நானாவைப் பற்றிச் சொல்லவேண்டும். நானா என்றால் அண்ணன். ஐம்பத்தொரு வயது. காத்தான்குடி. என் வீட்டுக்கும் அவர் வீட்டுக்கும் நடுவில் மூன்று மைல் இருக்குமோ என்னவோ. ஆனால் எங்கள் தமிழ் ஊரும் அவருடைய முஸ்லிம் ஊரும் ஒன்றை ஒன்று பார்த்து வேலி அடைத்துக்கொண்ட காலத்தில் வளர்ந்தவர்கள் நாங்கள். மூன்று மைலில் சந்திக்காதவர்கள் நாலாயிரம் மைலுக்கு அப்பால் ஒரு கப்பலில் சந்தித்தோம். முதல் நாளே கேட்டார்.

"தம்பி எந்தப் பக்கம்?"

"கல்லடி, நானா."

"அப்ப பாலத்துக்கு இந்தப் பக்கமா. நல்லதாப் போச்சு. இவனுகளுக்குத் தேத்தண்ணி போடத் தெரியா. பத்து மணிக்குக் கீழ வாங்க."

கீழே எஞ்சின் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. அதனால் ஒரு வழி வைத்திருந்தார். எஞ்சின் அறையில் இருந்து மேல் தட்டுக்கு ஒரு இரும்புக் குழாய் வரும். அதில் சாவியால் தட்டுவார். இரண்டு தட்டு, பிறகு ஒன்று. இஞ்சி போட்ட பிளேன்டீ ஆயத்தம் என்று அர்த்தம். கேட்டால் நான் மேலே இருந்து ஒரு தட்டுத் தட்டவேண்டும். ஏழு மாதமும் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இது நடந்தது. நோர்வேக்காரர்களும் பழகிவிட்டார்கள். எரிக்கும் வந்து குடிப்பான். சீனி கூட என்று ஒவ்வொரு நாளும் சொல்லுவான். ஒவ்வொரு நாளும் குடிப்பான்.

மூவரும் வெடித்த இடத்திலேயே முடிந்திருப்பார்கள் என்று கப்டன் சொன்னார். தொப்பியைக் கழற்றினார். பத்து இருபத்தைந்துக்குப் படகின் எஞ்சினை நிறுத்தினார்கள். கடல் அமைதியானது.

என் கையில் துடுப்பு. மரத் துடுப்பு. ஒரு முனை தண்ணீருக்குள். எனக்குத் தலை நிற்கவில்லை. நான் சொன்ன ஒரு சொல்லில் மூன்று பேர் போய்விட்டார்கள். துடுப்பின் கைபிடியில் தலையைச் சாய்த்தேன். காது அதில் பட்டது. பத்து முப்பத்தொன்று.

டொக் டொக். டொக்.

எங்கள் வாவியில் மீன் பாடும் என்பார்கள். எல்லோருக்கும் தெரிந்த கதை. துடுப்பைத் தண்ணீருக்குள் விட்டு மறு முனையில் காதை வைத்தால் கேட்கும். இளவட்டத்தில் வெள்ளைக்காரர்களை அப்பாவின் தோணியில் ஏற்றிக் கல்லடிப் பாலத்துக்குக் கீழே கொண்டுபோய்க் கேட்கவைத்தவன் நான். உண்மையைச் சொல்லுகிறேன். சில நாள் கேட்கும். பல நாள் ஒன்றும் கேட்காது. கேட்காத நாளிலும் நான் முதலில் காதை வைத்து, கண்ணை மூடி, "ஆ, இப்ப கேட்குது" என்பேன். அவர்களும் காதை வைத்துவிட்டுத் தலையாட்டுவார்கள். கேட்காததைக் கேட்டது என்று சொல்லிச் சொல்லிப் பழகிய காது இது. இந்தக் கதையைக் கப்பலில் சொல்லி எல்லோரையும் சிரிக்கவைத்திருக்கிறேன்.

பத்து முப்பத்தொன்று. டொக் டொக். டொக்.

காதை எடுத்தேன். மறுபடி வைத்தேன். கேட்கிறது. துடுப்பைத் தூக்கி வேறு இடத்தில் விட்டேன். கேட்கிறது. ஆனால் நான் யார்? முக்கால் மணித்தியாலத்துக்கு முன்னால் பொம்மையைப் பார்த்து மனிதன் என்றவன். கண் பொய் சொன்னது. இப்போது காது உண்மை சொல்லுமா? கழன்ற இரும்பு ஒன்று அலைக்கு ஆடி இடிக்கலாம். என் மனம் எனக்குப் பிளேன்டீ ஊற்றித் தருகிறதோ என்று நினைத்தேன். இன்னொரு தடவை சொல்லி, இன்னொரு ஆளைக் கொல்லப் பயந்தேன்.

எண்ணினேன். வேறு என்ன செய்வது என்று தெரியாமல் எண்ணினேன். பத்து. பதினைந்து. பதினெட்டு. இரண்டு தட்டு, பிறகு ஒன்று. பிசகவில்லை. இரும்புக்கு எண்ணத் தெரியாது.

பத்து நாற்பத்தொன்பதுக்கு எரிக்கிடம் சொன்னேன். எனக்குப் பக்கத்தில்தான் இருந்தான். நான் மீன்பிடிக்காரர் என்று சொன்னபோதும் பிறிஜ்ஜில் அவன்தான் இருந்தான். என்னை நம்பியதற்கு என்ன கிடைத்தது என்று கண்டவன்.

"இது உன் மீன் கதை இல்லையே?" என்று கேட்டான்.

"இல்லை. ஜவ்பர் தட்டுகிறார்."

துடுப்பை வாங்கிக் காதை வைத்தான். அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பழக்கம் வேண்டும். காதை எடுத்து என் முகத்தைப் பார்த்தான். பிறகு சப்பாத்தைக் கழற்றினான்.

எஞ்சின் அறையில் இருந்து மேல் தட்டுக்கு ஒரு அவசர வழி உண்டு. அதன் இரும்பு மூடி வெடிப்பில் நெளிந்து இறுகியிருக்கலாம், வெளியில் இருந்து நெம்பினால் திறக்கலாம் என்றான். போசன் ரமோனும் எழும்பினார். போசன் என்றால் தட்டு வேலைக்காரருக்குத் தலைவர். பிலிப்பைன்ஸ்காரர். பேச்சுக் குறைவு. நெம்புகோல் எங்கே இருக்கிறது என்று தனக்குத்தான் தெரியும் என்று மட்டும் சொன்னார்.

கப்டன் விடவில்லை. "போகாதே! அது எந்த நேரமும் போகும்!" என்று கத்தினார். எரிக் தண்ணீரில் குதித்தான். ரமோன் பின்னால். நானும் எழும்பினேன். கப்டன் என் பட்டியைப் பிடித்து இழுத்து இருத்தினார். நான் உதறவில்லை. இதையும் எழுதவேண்டும். நான் உதறவில்லை.

பதினொன்று நான்கு. இருவரும் தொங்கிய கயிற்று ஏணியால் ஏறுகிறார்கள். தாழ்ந்த பின்தட்டில் முழங்கால் அளவு தண்ணீர். நான் துடுப்பில் காதை வைத்திருக்கிறேன். நாற்பது. நாற்பத்தொன்று.

பதினொன்று ஆறு. ஒரு பெரிய சத்தம். டங். மேல் தட்டில் இருந்து. எரிக் அடித்த ஒரு தட்டு. ஏழு மாதம் எங்களோடு பிளேன்டீ குடித்தவனுக்கு என்ன பதில் தட்டவேண்டும் என்று தெரியும்.

கீழே தட்டல் நின்றது. ஒரு மூச்சு நேரம். பிறகு தொடங்கியது. கணக்கில்லாமல். வேகமாக. டொக்டொக்டொக்டொக். ஒருவர் இல்லை. இரண்டு பேராவது தட்டினார்கள்.

நான் அழுதேன். "இருக்கிறார்கள், இருக்கிறார்கள்" என்று தமிழில் கத்தினேன். படகில் யாருக்கும் விளங்கவில்லை.

மூடியை நெம்புவது தூரத்தில் தெரிந்தது. இரண்டு முதுகு. ஒன்று மாறி ஒன்று குனிந்தன. ஏழு நிமிடம்.

பதினொன்று பதின்மூன்று. கப்பலின் மூக்கு மேலே எழும்பியது. உள்ளே கோதுமை சரிந்த சத்தம் கேட்டது. மழை தகரத்தில் கொட்டுவது போல. எரிக் தலையை நிமிர்த்திப் பார்த்தான். அவர்கள் குதித்திருக்கலாம். குதிக்கவில்லை. மறுபடி குனிந்தார்கள். தண்ணீர் மூடியது.

துடுப்பில் காதை வைத்தபடியே இருந்தேன். தட்டல் கப்பலோடு கீழே போனது. எப்போது நின்றது என்று எழுதமாட்டேன்.

ஒன்பதாம் நாள் ஊருக்கு வந்தேன். வீட்டுக்குப் போகவில்லை. பையோடு காத்தான்குடிக்குப் போனேன். ஜவ்பர் நானாவின் மனைவி நஸீமா ராத்தா இத்தாவில் இருந்தார். கணவன் இறந்தால் அவர்கள் நான்கு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் கண்ணில் படாமல் இருப்பார்கள். அறை வாசலில் திரை. திரைக்கு இந்தப் பக்கம் நானும் ராத்தாவின் தம்பி பாயிஸும்.

"தம்பி, அவருக்கு நொந்திருக்குமா?" திரைக்குள்ளால் கேட்டார்.

"இல்ல ராத்தா. வெடிச்ச அந்த நேரமே முடிஞ்சிது."

"தண்ணிக்குள்ள கிடந்து தவிச்சாரா?"

"இல்ல. தண்ணியெல்லாம் பிறகுதான்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றார். திரை அசையவில்லை. மையித்து இல்லை. குளிப்பாட்ட இல்லை. அடக்க இல்லை. அந்த ஒரு சொல்லாவது இருக்கட்டும் என்று நினைத்தேன். பாயிஸ் எனக்குத் தேத்தண்ணி கொண்டுவந்தார். இஞ்சி போட்டது. குடிக்க முடியவில்லை.

பிறகு விசாரணை வந்தது. கம்ப்யூட்டர் திரையில் மூன்று பேர் கேள்வி கேட்டார்கள். தட்டல் கேட்டதா? கேட்டது என்று சொன்னால் அது பேப்பரில் வரும். காத்தான்குடிக்கும் வரும். "ஏதோ சத்தம் கேட்டது போல. நிச்சயம் இல்லை" என்றேன். படகில் வேறு யாருக்கும் கேட்கவில்லை. அறிக்கை வந்தது. எஞ்சின் அறையில் இருந்த மூவரும் வெடிப்பிலேயே இறந்தார்கள். மூன்றாவது அதிகாரி மனம் கலங்கிய நிலையில், கப்டனின் கட்டளையை மீறி, காரணம் இல்லாமல் கப்பலுக்குத் திரும்பினார். போசனையும் கூட்டிப் போனார். அப்படி எழுதியிருந்தார்கள்.

மனம் கலங்கியவன். மீன் கதை இல்லையே என்று கேட்டுவிட்டு ஆற அமரச் சப்பாத்துக் கழற்றியவன். நான் வாசித்துவிட்டு மடித்து அலுமாரியில் வைத்தேன். ஒரு வருடம் வைத்திருந்தேன். ஒரு பெண்ணுடைய நிம்மதிக்காக என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாதி உண்மை. மீதி கோழைத்தனம்.

எரிக்கின் அப்பா கடிதம் எழுதினார். கையெழுத்தில். ரமோனின் மனைவியும் தன்னிடம் கேட்கிறாள் என்று எழுதியிருந்தார். கேள்வி ஒன்றுதான். "என் மகன் அவசரப்படுகிறவன் இல்லை. நீங்கள் அவன் பக்கத்தில் இருந்தீர்கள். அவன் எதற்காகத் திரும்பிப் போனான்?"

கடிதம் வந்து மூன்றாம் நாள் மறுபடியும் காத்தான்குடிக்குப் போனேன். அவருக்குப் பதில் எழுதமுன் இங்கே சொல்லவேண்டும். இந்த முறை திரை இல்லை. நஸீமா ராத்தா கதிரையில் இருந்தார். பாயிஸ் பக்கத்தில்.

"ராத்தா, நான் அண்டைக்குச் சொன்னது பொய்."

நான் சொல்லி முடியும்வரை அவர் என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். குழாய், பிளேன்டீ, துடுப்பு, தட்டல், எரிக், அவன் அப்பாவின் கடிதம் எல்லாம் சொன்னேன். பாயிஸ் எழும்பி முற்றத்துக்குப் போய்விட்டார்.

"எத்தின தரம் தட்டினாரு?"

"நாப்பத்தொண்டு மட்டும் எண்ணினன். அதுக்குப் பிறகு எண்ணேலாமப் போச்சு."

"மேல இருந்து அந்தப் பிள்ள தட்டினது இவருக்குக் கேட்டிருக்குமா?"

"கேட்டது ராத்தா. கேட்டபிறகுதான் வேகமாத் தட்டினவர்."

"அப்ப ஆக்கள் வந்திருக்காங்க எண்டு தெரிஞ்சுதான் மௌத்தானாரு."

"ஓம்."

"அந்த வாப்பாக்கு எழுதுங்க" என்றார். "அவர்ர மகன் பைத்தியமில்ல எண்டு எழுதுங்க. என்ட பேரையும் போட்டு எழுதுங்க. தம்பி, இனி நீங்க இஞ்ச வராதீங்க. உங்கள்ல கோவமில்ல. உங்களக் கண்டா எனக்கு அந்தச் சத்தம் கேக்கும்."

போவதில்லை. எழுதினேன். இப்போது எல்லோருக்குமாக எழுதுகிறேன். எரிக் மனம் கலங்கிப் போகவில்லை. என் சொல்லைக் கேட்டுப் போனான். ரமோனை அவன் கூட்டிப் போகவில்லை. ரமோன் தானாகப் போனார். அறிக்கையைத் திருத்துவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. அந்தக் கடலில் இன்றைக்கும் கப்பல்கள் வரிசையாகப் போகின்றன. அடிபட்டதை விட்டுவிட்டு மற்றவை போகின்றன.

ஒன்றை மட்டும் நஸீமா ராத்தாவிடம் அன்று சொல்லவில்லை. நேரங்களைச் சொல்லவில்லை. பாயிஸ் இதை அவருக்கு வாசித்துக் காட்டுவார். அப்போது தெரிந்துகொள்ளட்டும்.

கணக்கு இது.

கப்பல் ஒன்று. கோதுமை முழுவதும். பதினொரு பெயர் எழுதிய பித்தளைத் தகடு ஒன்று. ஆட்கள் ஐந்து. மூன்றாவது எஞ்சினியர் மாரெக், போலந்து, முப்பத்துமூன்று வயது. எண்ணெய் போடும் பையன் ஜோமர், பிலிப்பைன்ஸ், இருபத்திரண்டு, முதல் கப்பல். போசன் ரமோன், நாற்பத்தொன்பது. மூன்றாவது அதிகாரி எரிக், இருபத்தேழு. பிற்றர் ஜவ்பர், காத்தான்குடி, ஐம்பத்தொன்று. கரைக்கு வந்த உடல் ஒன்றும் இல்லை.

மூடியை நெம்ப அவர்களுக்குக் கிடைத்தது ஏழு நிமிடம். முதல் தட்டல் எனக்குக் கேட்டதற்கும் நான் வாய் திறந்ததற்கும் நடுவில் போனது பதினெட்டு நிமிடம்.